டோனர் எங்க ஒட்டணும், எங்க ஒட்டக்கூடாது: லேசர் பிரிண்டர்ல டெவலப்பிங் பயஸ் வேலை செய்ற விதம்

லேசர் பிரிண்டர்ல எழுத்து மங்கலா வந்தாலும் சரி, வெள்ளையா இருக்க வேண்டிய இடத்துல சாம்பல் தூவுன மாதிரி அழுக்கா வந்தாலும் சரி, சர்வீஸ் பண்றவங்க முதல்ல சொல்றது "பயஸ் பிரச்சனை"ன்னுதான். கேக்குறவங்களுக்கு அது என்னன்னே புரியாது, டோனர் தீந்துபோச்சு, டிரம் போச்சுன்னு சொன்னாலாவது கண்ணால பாக்குற ஒரு பொருள் இருக்கு, பயஸ்னா வெறும் ஒரு வோல்டேஜ். ஆனா டோனர் பேப்பர்ல எங்க விழணும், எவ்ளோ விழணும், எங்க விழவே கூடாதுன்னு முடிவு பண்றது இந்த வோல்டேஜ்தான். லேசர் வெறும் படம் வரைஞ்சு குடுக்குது, அவ்ளோதான்.

ஒரு விஷயத்த மட்டும் முதல்லயே மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் ஈசியா புரியும்: இங்க எந்த ஒரு வோல்டேஜும் தனியா நின்னு ஒண்ணும் பண்றதில்ல, ரெண்டு வோல்டேஜுக்கு நடுவுல இருக்குற வித்தியாசம்தான் டோனர நகத்துது.

## முதல்ல மூணு வோல்டேஜ்

டிரம்னு சொல்றது ஒரு அலுமினியக் குழாய், உள்பக்கம் எர்த்தோட சேந்திருக்கும், மேல 20-30 மைக்ரான் கனத்துல ஒரு போட்டோகண்டக்டர் தோல். இருட்டுல அது கரண்ட விடாது, வெளிச்சம் பட்டா விடும். 1938-ல செஸ்டர் கார்ல்சன் முதல் தடவையா இந்த முறையில படம் எடுத்தப்போ கந்தகம் பூசின தகட்ட வெச்சு செஞ்சாரு, இப்ப பெரும்பாலும் ஆர்கானிக் பூச்சு.

அந்தத் தோல் மேலயும், பக்கத்துல இருக்குற டெவலப்பர் ரோலர்லயும் மூணு வோல்டேஜ கவனிக்கணும். மெஷினுக்கு மெஷின் எண்கள் மாறும், கணக்கு புரியறதுக்காக ஒரு செட் வெச்சுக்கலாம்:

1. இருட்டு வோல்டேஜ்: சார்ஜ் ரோலர் டிரம் முழுக்க ஒரே சீரா ஏத்தி விடுறது. மைனஸ் 600 வோல்ட்னு வெச்சுக்கலாம். சார்ஜ் ரோலருக்கு டிசி மட்டும் குடுக்குற மெஷின்ல இதுக்கு ஏறக்குறைய மைனஸ் 1,200 குடுக்கணும், ஏன்னா முதல் 600 வோல்ட் சொச்சம் நடுவுல இருக்குற காத்த உடைச்சு டிஸ்சார்ஜ் ஆரம்பிக்கறதுக்கே போயிடுது.
2. வெளிச்ச வோல்டேஜ்: லேசர் பட்ட புள்ளில சார்ஜ் கீழ எர்த்துக்கு இறங்கிடும், மிச்சம் மைனஸ் 100 மாதிரி நிக்கும். சுத்தமா பூஜ்யம் ஆகாது.
3. டெவலப்பிங் பயஸ்: டோனர சுமந்துகிட்டு சுத்துற டெவலப்பர் ரோலருக்கு நாம குடுக்குறது. மேல சொன்ன ரெண்டுக்கும் நடுவுல, மைனஸ் 400 மாதிரி.

டோனர் தூளு 6-8 மைக்ரான் சைஸ், ரோலர் மேல டோனர மெல்லிசா வழிச்சு விடுற டாக்டர் பிளேடுல உரசி நெகட்டிவ் சார்ஜ் ஏறினது. நெகட்டிவ் துகள் எப்பவும் நெகட்டிவ் கம்மியா இருக்குற பக்கம் ஓடும். ரோலர் மைனஸ் 400, லேசர் பட்ட இடம் மைனஸ் 100, அதனால அங்க தாவும். லேசர் படாத இடம் மைனஸ் 600, அது ரோலர விட நெகட்டிவ், அதனால டோனர ரோலர் பக்கமே திருப்பித் தள்ளிடும். ஒரே ரோலர், ஒரே டோனர், பக்கத்து பக்கத்து புள்ளியில ஒண்ணுல ஒட்டுது ஒண்ணுல ஒட்டலன்னா காரணம் இவ்ளோதான்.

பழைய ஜெராக்ஸ் மெஷின்ல கதை தலைகீழ், அதையும் சொல்லிடணும் ஏன்னா பல பேரு ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறாங்க. 1959-ல வந்த ஜெராக்ஸ் 914 மாதிரி காப்பியர்ல ஒரிஜினல் பேப்பரோட வெள்ளை பகுதியில இருந்து வெளிச்சம் திரும்பி வந்து டிரம்ல விழும், வெள்ளை இடம் சார்ஜ் இழக்கும், எழுத்து இருக்குற இடம் சார்ஜோட நிக்கும், டோனர் அந்த சார்ஜ் நிக்கிற இடத்துல ஒட்டணும், அதுக்கு எதிர் சார்ஜ் டோனர் வேணும். லேசர் பிரிண்டர்ல பெரும்பாலும் கறுப்பு வர வேண்டிய இடத்துலதான் லேசர் அடிக்குது, அதனால டிரம்முக்கும் டோனருக்கும் ஒரே சார்ஜ். எல்லா லேசர் பிரிண்டரும் நெகட்டிவ்னும் கிடையாது, கியோசெராவோட அமார்ஃபஸ் சிலிக்கான் டிரம் பாசிட்டிவ்ல ஓடுது, அங்க மேல சொன்ன எண்களுக்கு எல்லாம் அடையாளத்த மாத்திப் போட்டுக்கணும்.

## ரெண்டு இடைவெளி, ஒரே கயிறு

மேல சொன்ன எண்கள்ல இருந்து ரெண்டு வித்தியாசம் கிடைக்குது.

1. டெவலப்பிங் கான்ட்ராஸ்ட்: பயஸுக்கும் வெளிச்ச வோல்டேஜுக்கும் நடுவுல, 400 கழிச்சல் 100, அதாவது 300 வோல்ட். கறுப்பு எவ்ளோ அழுத்தமா வரும்னு சொல்றது இது.
2. பேக்கிரவுண்ட் கான்ட்ராஸ்ட்: இருட்டு வோல்டேஜுக்கும் பயஸுக்கும் நடுவுல, 600 கழிச்சல் 400, அதாவது 200 வோல்ட். வெள்ளை எவ்ளோ வெள்ளையா இருக்கும்னு சொல்றது இது.

இப்ப கறுப்பு பத்தலன்னு பயஸ மைனஸ் 400-ல இருந்து மைனஸ் 480 ஆக்கினா முதல் இடைவெளி 380 ஆயிடும், எழுத்து நல்லா அழுத்தமா வரும், ஆனா ரெண்டாவது 120-க்கு இறங்கிடும், சார்ஜ் கொஞ்சம் கம்மியா இருக்குற டோனர் துகள் எல்லாம் வெள்ளைப் பகுதியிலயும் உக்காந்துடும், அதத்தான் ஃபாக்னு சொல்றோம். டென்சிட்டி செட்டிங்க, அதாவது கறுப்பு எவ்ளோ அழுத்தமா வேணுங்கிறத, உச்சத்துல வெச்சதும் பேப்பர் லேசா அழுக்காத் தெரியறதுக்கு காரணம் இதுதான். கொஞ்சம் நல்ல மெஷினா இருந்தா பயஸ நகத்தும்போதே சார்ஜ் வோல்டேஜையும் கூடவே நகத்தி அந்த 200-அ காப்பாத்திக்கும்.

அப்ப பேக்கிரவுண்ட் இடைவெளிய 400, 500-னு பெருசா வெச்சுட்டா ஃபாக்கே வராதேன்னு தோணும். வரும், வேற ரூபத்துல. டோனர்ல எப்பவும் தப்பான சார்ஜ் ஏறின துகள் கொஞ்சம் இருக்கும், பாசிட்டிவா இருக்குற அதுங்க நெகட்டிவ் அதிகமா இருக்குற பக்கம் ஓடும், அதாவது வெள்ளைப் பகுதிக்கே. இடைவெளி பெருசாக ஆக அதுங்களுக்குத்தான் கொண்டாட்டம். அது போக மெல்லிசான கோடு, சின்னப் புள்ளி எல்லாம் ஓரத்துல அரிச்சு இன்னும் மெலிஞ்சு போயிடும். அதனால இந்த இடைவெளிக்கு மேலயும் கீழயும் ஒரு எல்லை உண்டு, அந்த ஜன்னலுக்குள்ளதான் மெஷின் விளையாட முடியும்.

## டிசி போதாதா, ஏசி எதுக்கு

சின்ன மோனோ (கறுப்பு மட்டும் அடிக்கிற) பிரிண்டர்கள்ல நிறைய மாடல்ல டெவலப்பர் ரோலர் டிரம்ம தொடவே தொடாது. ரெண்டு ஓரத்துலயும் இருக்குற ஸ்பேசர் புஷ்ஷால நடுவுல ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் இடைவெளி நிக்கும், டோனர் அத தாண்டிப் போகணும். இதுக்கு ஜம்பிங் டெவலப்மென்ட்னு பேரு.

பிரச்சனை என்னன்னா இவ்ளோ சின்ன தூளு ரோலர் மேல நல்லா கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கும், 300 வோல்ட் வித்தியாசத்துக்கு எல்லாம் அவ்ளோ லேசுல பேராது. அதனால டிசி மேல ஒரு ஏசிய ஏத்தி விடுறாங்க, உச்சிக்கும் பள்ளத்துக்கும் 1,600 வோல்ட், நொடிக்கு 2,000 தடவை ஆடுதுன்னு வெச்சுக்கலாம். சராசரி மைனஸ் 400, அப்ப ரோலர் மைனஸ் 1,200-க்கும் பிளஸ் 400-க்கும் நடுவுல ஆடும். இப்ப ரெண்டு இடத்துலயும் என்ன நடக்குதுன்னு பாக்கலாம்:

1. லேசர் பட்ட இடம், மைனஸ் 100. ரோலர் மைனஸ் 1,200-ல இருக்கும்போது டோனர் 1,100 வோல்ட் தள்ளுல டிரம் பக்கம் பாயும். பிளஸ் 400-க்கு வரும்போது 500 வோல்ட் இழுப்புல திரும்பி வரப் பாக்கும். போற தள்ளு அதிகம், வர்ற இழுப்பு கம்மி, கணக்கு டிரம்முக்குச் சாதகம்.
2. லேசர் படாத இடம், மைனஸ் 600. போறதுக்கு 600, திரும்ப வர்றதுக்கு 1,000. எகிறிப் போனதும் திரும்பி வந்துடும்.

ரெண்டு இடத்துலயும் டோனர் எகிறத்தான் செய்யுது, முறத்துல புடைக்கிற மாதிரிதான், ஆடி ஆடி எது நிக்கணுமோ அது நிக்குது மத்தது திரும்புது. டிரம் நொடிக்கு 100 மில்லிமீட்டர் ஓடுது, டெவலப் ஆகுற பட்டை 2 மில்லிமீட்டர் அகலம்னா ஒரு புள்ளி அந்த இடத்தக் கடக்க 20 மில்லிசெகண்ட், அதுக்குள்ள 40 ஆட்டம் நடந்து முடிஞ்சிடும். கடைசி சில ஆட்டத்துல டிரம் வளைஞ்சு விலகிப் போறதால இடைவெளி பெருசாகி ஃபீல்டு மெதுவா குறையும், அங்கதான் ஓரம் எல்லாம் நேர்த்தியா செட் ஆகுது.

இங்கயும் ஒரு மேல் எல்லை இருக்கு. 0.3 மில்லிமீட்டர் காத்து சாதாரண அழுத்தத்துல ஏறக்குறைய 2,000 வோல்ட் வரைக்கும் தாங்கும். நம்ம உதாரணத்துல பெரிய வித்தியாசமே 1,100-தான், பரவால்ல. ஆனா ஏசிய இஷ்டத்துக்கு ஏத்தினாலோ, ஸ்பேசர் தேஞ்சு இடைவெளி குறைஞ்சாலோ பொறி தெறிக்கும், அது பேப்பர்ல புள்ளி புள்ளியா விழும். உயரமான மலைப்பகுதியில காத்து மெலிசா இருக்கும், சீக்கிரமே உடையும், அதனாலதான் சில பிரிண்டர் மெனுவுல ஆல்டிட்யூட்னு ஒரு செட்டிங் இருக்கு. பாதிப் பேரு அது எதுக்குன்னே தெரியாம தாண்டிப் போயிடுவாங்க.

தொட்டு ஓடுற மெஷின்கள்ல கணக்கு கொஞ்சம் வேற. மெத்துனு இருக்குற ரப்பர் ரோலர் டிரம்ம உரசிக்கிட்டே சுத்தும், தாண்டறதுக்கு இடைவெளி இல்ல, அதனால வெறும் டிசி போதும். ஆனா அங்க ரோலருக்கு டோனர ஊட்டி விடுற ஸ்பான்ஞ் சப்ளை ரோலருக்கும், பல மாடல்ல டாக்டர் பிளேடுக்கும் தனித்தனி பயஸ் இருக்கும், சப்ளை ரோலர் டெவலப்பர் ரோலர விட கொஞ்சம் நெகட்டிவா நின்னாத்தான் டோனர் அந்தப் பக்கம் நகரும். பெரிய காப்பியர்ல டோனரோட இரும்பு சார்ந்த கேரியர் மணிகள் கலந்திருக்கும், காந்த பிரஷ் மாதிரி நின்னு டிரம்ம வருடும். அங்க பேக்கிரவுண்ட் இடைவெளி பெருசானா பாசிட்டிவா இருக்குற கேரியரே பேந்து டிரம்ல போய் ஒட்டிக்கும், டோனர் மாதிரி அது சாதுவான தூளு கிடையாது, டிரம்ம கீறியும் விட்டுடும்.

## இந்த வோல்டேஜ் எங்க இருந்து வருது

பிரிண்டர் பவர் சப்ளை குடுக்குறது 24 வோல்ட். அதுல இருந்து ஹை வோல்டேஜ் போர்டு இப்படித்தான் தயார் பண்ணுது:

1. இன்ஜின் கன்ட்ரோலர் ஒரு பி.டபிள்யூ.எம் சிக்னல் அனுப்பும், அதாவது ஆன்-ஆஃப் ஆகுற பல்ஸ், எவ்ளோ நேரம் ஆன்ல இருக்குங்கிறதுதான் தகவல்.
2. போர்டுல ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் அந்தப் பல்ஸ வழுவழுன்னு ஒரு சின்ன டிசியா மாத்தும். இதுதான் ரெஃபரன்ஸ்.
3. ஆப்ஆம்ப், அதாவது ரெண்டு வோல்டேஜ ஒப்பிட்டுப் பாக்குற ஐ.சி., அத வெச்சு டிரான்சிஸ்டர ஓட்டும், டிரான்சிஸ்டர் டிரான்ஸ்ஃபார்மர ஓட்டும், டயோடு-கெப்பாசிட்டர் வழியா சில நூறு வோல்ட் நெகட்டிவ் டிசி வெளிய வரும்.
4. வெளிய வர்ற வோல்டேஜ பெரிய பெரிய மெகா ஓம் ரெசிஸ்டர் வழியா சின்னதாக்கி ஆப்ஆம்புக்கே திருப்பிக் குடுப்பாங்க. ரெஃபரன்ஸோட ஒத்துப்போகலன்னா அது ஓட்டத்த கூட்டிக் குறைச்சு சரி பண்ணிக்கும்.
5. ஏசி வேணும்னா அது தனி டிரான்ஸ்ஃபார்மர்ல உருவாகி டிசி மேல ஏறி ஒண்ணா ரோலருக்குப் போகும்.

நாலாவது படிதான் உசுரு, அது இல்லன்னா லோடு மாறுனதும் வோல்டேஜ் தொங்கிடும். லோடுன்னு சொல்றதும் ரொம்பப் பெருசு கிடையாது. ஒரு ஏ4 பக்கம் முழுக்க கறுப்பு அடிச்சா சதுர மீட்டருக்கு 5 கிராம் கணக்குல 0.3 கிராம் டோனர், கிராமுக்கு 20 மைக்ரோகூலும் சார்ஜ்னு வெச்சா மொத்தமே 6 மைக்ரோகூலும், மூணு செகண்ட்ல அடிச்சா 2 மைக்ரோஆம்ப் டிசி. இவ்ளோ கம்மி கரண்ட்ல ஓடுற சப்ளைய சாதாரண மல்டிமீட்டர் வெச்சு அளந்தா மீட்டரே ஒரு லோடாகி நிஜத்த விட கம்மியா காட்டும், அதப் பாத்துட்டு போர்டு போச்சுன்னு முடிவு கட்டுறது அவசரம். ஏசி எகிறிக்கிட்டு இருக்குற லைன்ல அந்த மீட்டர வெக்கவே கூடாது, அது மீட்டருக்கும் ஆபத்து கைக்கும் ஆபத்து. கதவத் திறந்ததும் இந்த 24 வோல்ட் கட் ஆகுற மாதிரி இன்டர்லாக் சுவிட்ச் வெச்சிருக்குறதும் அதுக்குத்தான்.

## எப்ப ஆன் பண்றதுங்கிறதும் ஒரு கணக்கு

மோட்டார் சுத்த ஆரம்பிச்ச நொடியில டிரம்ல சார்ஜ் இல்ல, ஏறக்குறைய பூஜ்யம். அந்த நேரத்துல ரோலருக்கு மைனஸ் 400 குடுத்துட்டா டிரம் முழுக்க 400 வோல்ட் கான்ட்ராஸ்ட், கறுப்பு பட்டை பட்டையா டோனர் இறங்கிடும். அதனால சார்ஜ் ஏறின பகுதி டெவலப்பர் ரோலர் முன்னாடி வர்ற வரைக்கும் பயஸ் காத்திருக்கணும். டிரம்ல சார்ஜ் ரோலருக்கும் டெவலப்பர் ரோலருக்கும் நடுவுல 25 மில்லிமீட்டர் தூரம்னா, நொடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துல கால் செகண்ட். நிறுத்தும்போதும் அதே மாதிரி, கடைசியா சார்ஜ் ஆன பகுதி ரோலரத் தாண்டறதுக்குள்ள பயஸ இறக்கிடணும். இதுல தப்பினா பேப்பர்ல ஒண்ணும் தெரியாமக் கூடப் போகலாம், ஆனா டோனர் ஒவ்வொரு ஜாபுக்கும் வேஸ்ட் பாக்ஸ்ல போய் சேரும்.

## ஏன் ஒரே எண்ண வெச்சு ஓட்ட முடியாது

மெஷின் கன்ட்ரோல் பண்றது வோல்டேஜ மட்டும்தான். டோனர் மேல எவ்ளோ சார்ஜ் ஏறியிருக்குன்னு அதால நேரடியா பாக்க முடியாது, டிரம் தோல் எவ்ளோ தேஞ்சிருக்குன்னும் தெரியாது. சுத்தி வளைச்சுதான் தெரிஞ்சுக்கணும்.

ஈரப்பதம் ஏறும்போது டோனர் சார்ஜ் குறையும். சார்ஜ் குறைஞ்சா பிரிண்ட் மங்கணும்னுதானே தோணும், நடக்கறது நேர் எதிர். டோனர் டிரம்ல குவியக் குவிய அதோட சொந்த நெகட்டிவ் சார்ஜ் அந்த 300 வோல்ட் பள்ளத்த நிரப்பிக்கிட்டே வரும், நிரம்பினதும் மேற்கொண்டு வராது. ஒவ்வொரு துகளும் கம்மி சார்ஜ் சுமந்தா அதே பள்ளத்த நிரப்ப அதிக துகள் வேணும், அதனால கறுப்பு கூடும், கூடவே ஃபாக்கும் கூடும். வறண்ட காத்துல ஒவ்வொரு துகளும் அதிக சார்ஜோட இருக்கும், கொஞ்சம் டோனர்லயே பள்ளம் நிரம்பிடும், பிரிண்ட் மங்கும். சென்சார் இருக்குற மெஷின் ஈரப்பதம் பாத்து இந்த இடைவெளிய குறைச்சும் கூட்டியும் வெக்குது.

டிரம் தேயும்போது வேற ஒரு விஷயம் நடக்கும். தோல் மெலிஞ்சா டிஸ்சார்ஜ் ஆரம்பிக்கத் தேவையான வோல்டேஜ் குறையும், டிசி சார்ஜ் ரோலருக்கு அதே மைனஸ் 1,200 குடுத்தாலும் டிரம் 600-க்குப் பதிலா அதுக்கு மேல ஏறி நிக்கும், லேசர் பட்டதும் முன்ன மாதிரி கீழ இறங்காது. அப்ப பேக்கிரவுண்ட் இடைவெளி தன்னால பெருசாகும். அதனாலதான் டிரம் எத்தன சுத்து சுத்திச்சுன்னு மெமரி சிப்புல எழுதி வெச்சு அதுக்கேத்த மாதிரி வோல்டேஜ மாத்துறாங்க. சிப்புன்னா ரீஃபில் பண்ணவிடாம தடுக்குறதுக்குன்னு மட்டும் நினைக்கிறவங்க நிறைய, அந்தக் கோவம் நியாயம்தான், ஆனா இந்த வேலையும் அதுக்கு உண்டு.

கலர் மெஷின் இன்னும் ஒரு படி மேல போய் நேரடியா சோதிச்சுப் பாக்கும். ஆன் பண்ணதும், காட்ரிட்ஜ் மாத்துனதும், குறிப்பிட்ட பக்கம் ஓடுனதும் "கேலிபரேட்டிங்"னு காட்டிட்டு உருட்டிக்கிட்டு இருக்குமே அப்ப நடக்கறது இதுதான்:

1. பல பயஸ் அளவுல டிரம்ல இருந்து டோனர வாங்குற டிரான்ஸ்ஃபர் பெல்ட் மேல சின்னச் சின்னக் கட்டமா டோனர் இறக்கும்.
2. இன்ஃப்ராரெட் எல்.இ.டி. அடிச்சு திரும்பி வர்ற வெளிச்சத்த சென்சார் அளக்கும்.
3. தேவையான அழுத்தம் எந்த பயஸ்ல வருதோ அத எடுத்துக்கும்.
4. அதுக்கப்புறம் நடுத்தர நிறத்துக்கு புள்ளி அடர்த்தி டேபிள திருத்தும்.

சின்ன மோனோ மெஷின்ல பெரும்பாலும் இந்தச் சென்சார் கிடையாது, சுத்து எண்ணிக்கையும் பேக்டரியில போட்ட டேபிளும்தான் எல்லாம்.

## பேப்பர்ல பாத்து எப்படிக் கண்டுபிடிக்கறது

1. பக்கம் முழுக்க கறுப்பு: டிரம்ல சார்ஜ் ஏறல. பயஸ் சரியா இருக்குறதாலதான் முழுக்க கறுப்பா வருது. சார்ஜ் ரோலர், அதோட கான்டாக்ட பாக்கணும். லேசர் அணையாம எரிஞ்சாலும் இப்படி வரும்.
2. பக்கம் முழுக்க வெள்ளை: பயஸ் ரோலருக்கு வந்து சேரல, இல்லன்னா லேசர் வரல, இல்லன்னா டிரம் எர்த் விட்டுப்போச்சு, இல்லன்னா டிரம்ல இருந்து பேப்பருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகல. பிரிச்சறிய, பேப்பர் பாதி உள்ள போனதும் கதவத் திறந்து நிறுத்தி காட்ரிட்ஜ வெளிய எடுத்து டிரம்ம பாக்கணும். டிரம்ல எழுத்து தெளிவா இருந்தா டெவலப்பிங் வரைக்கும் ஓகே, பிரச்சனை டிரான்ஸ்ஃபர்ல. டிரம் காலியா இருந்தா முதல் மூணுல ஒண்ணு.
3. பக்கம் முழுக்க ஒரே சீரா மங்கல்: பயஸ் பாதிதான் வருது. காட்ரிட்ஜ் பக்கவாட்டு கான்டாக்ட்ல அழுக்கு, ஸ்பிரிங் தளர்ந்தது, இதுதான் பெரும்பாலும். ஒரு ஓரம் மட்டும் மங்கலா இருந்தா வோல்டேஜ சந்தேகப்பட வேண்டாம், மெட்டல் ரோலர் ஒரு முனையில ஒரு வோல்டேஜும் இன்னொரு முனையில வேறயும் வெச்சுக்க முடியாது, டோனர் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும்.
4. ஒரே தூரத்துல திரும்பத் திரும்ப வர்ற புள்ளி: ஸ்கேல் வெச்சு அளக்கணும். 24 மில்லிமீட்டர் டிரம்னா 75 மில்லிமீட்டருக்கு ஒருக்கா வரும். டெவலப்பர் ரோலருக்கு அதோட சுற்றளவ அப்படியே எடுத்தா தப்பாயிடும், அது டிரம்ம விட வேகமா ஓடும். 12 மில்லிமீட்டர் ரோலர், 1.2 மடங்கு வேகம்னா சுற்றளவு 37.7, ஆனா பேப்பர்ல 31.4 மில்லிமீட்டருக்கு ஒருக்கா தெரியும்.
5. லேசான சாம்பல் ஃபாக்: இதுதான் தலைவலி, பயஸ் கூடுனாலும் வரும், டிரம் தேஞ்சாலும் வரும், டோனர் சரியில்லன்னாலும் வரும். டென்சிட்டிய ரெண்டு படி இறக்கிப் பாத்தா ஃபாக் போகுதுன்னா பேக்கிரவுண்ட் இடைவெளி பத்தலன்னு அர்த்தம். இறக்க இறக்க எழுத்து மட்டும் மங்கி ஃபாக் அப்படியே நின்னா தப்பு சார்ஜ் டோனர் மேலதான் சந்தேகம் போகணும்.

அந்தக் கடைசி கேஸ் ரீஃபில் பண்ண காட்ரிட்ஜ்ல அடிக்கடி வரும். பேக்டரி டேபிள்ல இருக்குற வோல்டேஜ் எல்லாம் குறிப்பிட்ட சார்ஜ் ஏறுற டோனருக்குன்னு போட்டது, வேற டோனர் ஊத்துனா போர்டு அதே மைனஸ் 400-அ துல்லியமா குடுத்துக்கிட்டேதான் இருக்கும், ஆனா துகள் வேற மாதிரி நடந்துக்கும். பழைய டோனர சுத்தமா தட்டாம மேல புதுசு கொட்டுனா இன்னும் மோசம், ரெண்டு விதமும் ஒண்ணோட ஒண்ணு உரசி ஒண்ணு அதிக நெகட்டிவாவும் இன்னொண்ணு பாசிட்டிவாவும் ஆகலாம், பாசிட்டிவ் ஆனது எல்லாம் வெள்ளைப் பகுதிக்குத்தான் போகும். அப்ப போர்டு மாத்தி, சிப் மாத்தி, டென்சிட்டி மாத்தி பிரயோஜனம் இல்ல, காட்ரிட்ஜ பிரிச்சு ரோலர், பிளேடு, டேங்க் மூணையும் சுத்தமா காலி பண்ணிட்டு அந்த மாடலுக்குன்னு சொல்ற டோனர ஊத்தி, முதல்ல ஒரு பத்து இருபது பக்கம் ஓட விட்டு சார்ஜ் செட் ஆனதுக்கு அப்புறம்தான் ஃபாக் இருக்கா இல்லையான்னு பாக்கணும்.